கோப்பை கிடைத்த பாத்தி

நாட்டில் எங்காவது கூட்டமாகச் சாவு விழுந்துவிட்டால் மறுநாள் தொலைக்காட்சியில் நான்கு பேர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மேட்ச்சை நடத்தலாமா, ரத்து செய்யலாமா? ஒருவர் மனிதாபிமானம் என்கிறார். இன்னொருவர் வாழ்க்கை நின்றுவிடக் கூடாது என்கிறார். மூன்றாமவர் இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்கிறார். நான்காமவர் விளம்பர இடைவேளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் என் மனைவி சேனலை மாற்றிவிடுவாள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் இரண்டு நாளைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

காரணம், நான் ஒரு போட்டியை ரத்து செய்தவன். எங்கள் ஊர் கபடி கிளப்பின் செயலாளர் என்ற முறையில், மனிதாபிமான அடிப்படையில், ஏகமனதாக. அந்தத் தீர்மானத்தை டைப் அடித்தவனும் நான்தான்.

அப்போது மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எந்நேரமும் மின்வெட்டு. என் வாழ்நாளில் ஒரு தடவைகூட நான் கபடி ஆடியதில்லை, எனக்கு மூச்சு பத்தாது. ஆனாலும் என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். தமிழில் பிழையில்லாமல் டைப் அடிப்பவன், போஸ்டரை ஓசியில் டிசைன் செய்து கொடுப்பவன், தலைவர் சொன்னால் தலையாட்டுபவன் என்ற மூன்று தகுதிகளும் ஊரில் வேறு யாருக்கும் ஒன்றாக அமையவில்லை.

தலைவர் என்றால் உப்பள முதலாளி. கழிமுகத்தை ஒட்டி அவருக்குப் பாத்தி பாத்தியாக உப்பளம். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று எங்கள் ஊர் மைதானத்தில் நடக்கும் கபடிப் போட்டிக்கு அவருடைய அப்பாவின் நினைவாகச் சுழற்கோப்பை கொடுத்திருந்தார். அவருடைய அப்பா கபடி நடக்கும் திசைப் பக்கம்கூடப் போகாத மனிதர். கோப்பை இடுப்பளவு உயரம். அதற்கு ஒரு விதி உண்டு. ஜெயித்த அணி ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் கோப்பை அந்த அணிக்கே சொந்தம். விதியை எழுதியவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். எழுதும்போது எங்கள் அணிதான் மூன்று வருஷமும் ஜெயிக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

நம்பிக்கையில் தப்பில்லை. எங்கள் ஆட்கள் உப்பளத்தில் சேறு மிதித்தே வளர்ந்தவர்கள். தை மாதம் பாத்தி கட்டுவதற்கு முன்னால் வரிசையாக நின்று அடிமண்ணை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அந்தக் காலைப் பிடித்து இழுத்து யாரையும் சாய்த்துவிட முடியாது. ஆனால் கடலோரக் குப்பத்துப் பையன்கள் வலை இழுத்த கைக்காரர்கள். பிடித்தால் பிடித்ததுதான். இரண்டு வருஷம் தொடர்ந்து அவர்களே ஜெயித்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் ஜெயித்தால் தலைவருடைய அப்பா நிரந்தரமாகக் குப்பத்துக்குக் குடிபோய்விடுவார். எங்கள் ஊரில் அந்த வருஷம் மழை, மகசூல், தேர்தல் எதைப் பற்றியும் கவலை இல்லை. இது ஒன்றுதான் கவலை.

குப்பத்து அணியின் கேப்டன் நிதானமான ஆள். அவருடைய தம்பிதான் பாடிப்போகிறவன். அவன் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் எங்கள் ஏழு பேரும் மூலைக்கு ஒதுங்குவார்கள். ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது சிரித்துக்கொண்டே போவான். எங்கள் ஆட்களுக்குத் தோல்வியைவிட அந்தச் சிரிப்புதான் தாங்காது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜெயித்த கோப்பையை அவன் வீட்டு டிவி மேல்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவனும் அவன் மனைவியும் என் கடைக்கு வந்து, கோப்பையோடு எடுத்த போட்டோவைப் பெரிதாகப் போட்டு லேமினேஷன் செய்துகொண்டு போனார்கள். போட்டோவில் கோப்பையை அவள்தான் தூக்கி வைத்திருந்தாள். கனம் தாங்காமல் அவள் ஒரு பக்கம் சாய, அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்தது. அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதுகிறவர்கள் எழுதிவிட்டார்கள். குப்பத்தில் முதல் இரண்டு வரிசை வீடுகள் இல்லை. கேப்டனின் தம்பி வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சர்க்கரை வாங்க மெயின் ரோட்டுக் கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் ஈர மணல் மட்டும் இருந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் கோப்பை கிடைத்தது.

கடல் தண்ணீர் கழிமுகம் வழியாக மேலேறி எங்கள் உப்பளத்துக்குள்ளும் வந்திருந்தது. கரைகள் உடைந்து, எல்லாப் பாத்தியிலும் இடுப்பளவு கலங்கல் தண்ணீர். குப்பத்திலிருந்து நடந்தால் அரை மணி நேரத் தூரம். உடைந்த கரையைப் பார்க்கப் போன தொழிலாளி ஒருவர், மேற்கோரப் பாத்தியில் ஏதோ மின்னுகிறதே என்று இறங்கித் தூக்கியிருக்கிறார். தலைவருடைய அப்பா. ஒரு கைப்பிடி மட்டும் கோணல், மற்றபடி சௌக்கியம்.

தலைவர் என்னையும் பி.டி. மாஸ்டரையும் உப்புக் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார். கோப்பையைத் தோளில் போட்டிருந்த துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கடல்தாயே பாத்து யாருதுன்னு தெரிஞ்சி கொண்டாந்து குடுத்துட்டா, பாத்தியா?" என்றார்.

"சத்தியமான வார்த்தைங்க" என்றார் பி.டி. மாஸ்டர்.

அத்தனை உயிரை வாரிக்கொண்டு போன கடல், அதற்கு நடுவில் கபடி விதிகளைப் படித்துத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் வழக்கம்போலத் தலையாட்டினேன். கோப்பை கொட்டகையின் உள்ளறைக்குப் போனது. கண்டெடுத்த தொழிலாளியிடம், "ஏம்பா, இப்ப வெளிய சொல்லாத. சாவு வீட்ல போயி கப்பு பேச்சு பேசக்கூடாது" என்று தலைவர் சொன்னார். கேட்பதற்கு அதுவும் மனிதாபிமானம் மாதிரியேதான் இருந்தது.

புது வருஷம் பிறந்து இரண்டு நாள் கழித்து அதே கொட்டகையில் கமிட்டிக் கூட்டம். போட்டியை நடத்துவதா, வேண்டாமா?

"ஊரே துக்கத்துல இருக்குது. வெளையாட்டு இன்னாத்துக்கு?" என்று தலைவர் தொடங்கிவைத்தார்.

எங்கள் அணியின் முக்கியமான ஆட்டக்காரருக்கு அந்த வாரம்தான் காலில் கண்ணாடி குத்தி ஏழு தையல் போட்டிருந்தது. கூட்டத்திலேயே அதிகமாகத் துக்கப்பட்டவர் அவர்தான். "மனசு கேக்கல தலைவரே, எனக்கு கோட்டுல கால் வெக்கவே புடிக்கல" என்று கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சொன்னார். ஒருவர் மட்டும், பாவம், விஷயம் புரியாமல், "சித்திரைக்குத் தள்ளி வெச்சிக்கலாமே" என்றார்.

பி.டி. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "தள்ளி வெச்சா தொடர்ச்சி அறுபடாதுங்க. ரத்து பண்ணாத்தான் அறுபடும். அப்பறம் அவங்க மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

 அதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் துக்கம் பொங்கிவிட்டது. தள்ளிவைப்பதெல்லாம் இறந்தவர்களை அவமதிப்பது, ரத்து ஒன்றுதான் உண்மையான அஞ்சலி என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் பேசினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாகவே பேசினேன் என்று அன்றைக்கு எனக்குத் திருப்திகூட இருந்தது.

முடிவில் ஒரு நிமிட மௌன அஞ்சலி. பி.டி. மாஸ்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சை அமுக்கினார். முக்கால் நிமிஷம் இருக்கும், தலைவருடைய செல்போன் பாட ஆரம்பித்தது. அவர் எடுத்து, "உப்பு லாரி திண்டிவனம் தாண்டிடுச்சா?" என்று விசாரித்தார். பி.டி. மாஸ்டர் பழக்கதோஷத்தில் வாட்சை நிறுத்திவிட்டு, தலைவர் பேசி முடித்ததும் மறுபடி அமுக்கி, பாக்கி இருந்த மௌனத்தையும் நடத்தி முடித்தார். ஆட்டத்தில் டைம் அவுட் கொடுப்பது இப்படித்தான்.

அடுத்தது போஸ்டர். போட்டிக்கு டிசம்பர் முதலிலேயே போஸ்டர் அடித்தாகிவிட்டது. அதில் தலைவர் கைகூப்பியபடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். இப்போது இரங்கல் போஸ்டர் வேண்டும். சோகமாக எடுத்த போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை.

"ஏம்பா, கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாமே. வாயை மூடி விடேன்" என்றார்.

மூடிவிட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, பற்களை ஒவ்வொன்றாக அழித்து, உதட்டைக் கீழே இழுத்து ஒட்டினேன். பல்வலிக்காரர் கைகூப்பின மாதிரி இருந்தது. தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தைவிடத் தலைவர் பெயர் ஒரு சுற்றுப் பெரிது. கீழே, 'இத்துயரத்தில் பங்குகொள்ளும் வகையில் இவ்வாண்டு கபடிப் போட்டி ரத்து செய்யப்படுகிறது' என்று நானே வாசகம் எழுதினேன். குப்பத்துக்காரர்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்துச் சுவரிலும் நாலு ஒட்டச் சொன்னார். ஒட்டப்பட்டது.

அதே வாரம் உப்பளத்தில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். சீசன் தொடங்க வேண்டுமே. கடல் வற்றும் நேரமாகப் பார்த்து, தேங்கிய கலங்கல் தண்ணீர் முழுவதையும் கழிமுகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் ஓடியது. சீசனைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அந்த விஷயத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது குப்பத்துக் கேப்டன் என் கடைக்கு வந்தார். யாரோ எங்கிருந்தோ அனுப்பிய நிவாரணத் துணியில் அவருக்கு வாய்த்தது கழுத்து வரை மூடும் கம்பளி ஸ்வெட்டர். எங்கள் ஊரில் மார்கழியிலும் வியர்க்கும். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்று உடம்போடு நின்றார்.

"மேட்ச் உண்டாணா?"

"ரத்து பண்ணியாச்சேப்பா. போஸ்டர் பாக்கலியா?"

"பாத்தோம். எதுக்கு ரத்து?"

"உங்களுக்காகத்தான்."

 "எங்களை ஒரு வார்த்த கேட்டீங்களாணா?"

நான் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"காலைல எழுந்தா லைன்ல நிக்கிறோம்" என்றார். "பாலுக்கு லைன், பாய்க்கு லைன், பக்கெட்டுக்கு லைன். டிவிகாரன் வந்து அழுவச் சொல்றான், சரியா வரலன்னு மறுபடி அழுவச் சொல்றான். மத்த நேரம் ஒக்காந்துனே இருக்கோம். பசங்க பேசவே மாட்டேன்றானுங்க. ஒரே ஒரு நாள் மூச்சு முட்ட ஆடுனா தேவலாம் போல இருக்குது. ஆறு பேர்தான் இருக்கோம். பரவால்ல, ஆறு பேரா எறங்குறோம். தம்பி எடத்துல வேற ஆள் போட வேணாம்னு இருக்குது."

 அவரே தொடர்ந்தார்.

"கப்பு போனதுல தலைவருக்கு கோவமாணா? அதுக்காகத்தான் வேணாம்னுட்டாரா? டிவி மேல பத்திரமாத்தான் வெச்சிருந்தான். வீடே போச்சு. நாங்க வேணும்னு தொலைக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

தம்பியைப் பறிகொடுத்தவர் கோப்பையைத் தொலைத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கோப்பை எங்கள் கொட்டகையில் கோணிப்பைக்கு அடியில் சௌக்கியமாக இருக்கிறது. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, "தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கோப்பையைத்தான் கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு அன்றைக்கு இருந்த புத்தி.

"கரையோரமா நாலு நாள் நடந்து பாத்துட்டோம்ணா" என்றார். "பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயி ஒவ்வொரு முகமா பாத்தோம். அந்தப் பொண்ணு இன்னும் தாலி கழட்டல. கண்ணால பாக்காம காரியம் பண்ண விடமாட்டேன்னு ஒக்காந்திருக்குது. கடல் எடுத்துனு போயிட்டா நாங்க எங்கதான் தேடறது?"

அன்று சாயங்காலம் தலைவரிடம் போய், குப்பத்து ஆட்கள் விளையாட விரும்புகிறார்கள் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மனுசங்கப்பா? அவங்க துக்கத்தை நாம தூக்கி சொமக்கிறோம், அவங்களுக்கு வெளையாட்டு கேக்குதா?" என்றார். போட்டிக்குப் பதிலாகக் காணும் பொங்கலன்று அதே மைதானத்தில் இரங்கல் கூட்டம் வைக்கலாம் என்றும், குப்பத்து அணியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்றும் முடிவு செய்தார். பந்தல்காரருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். அதை ரத்து செய்வது சிரமம்.

ஆக, காணும் பொங்கலன்று பிற்பகல் பந்தல், மைக், நாற்காலி எல்லாம் இருந்தது. கபடி மட்டும் இல்லை. ஊர் மொத்தமும் வந்திருந்தது. ஐஸ்காரர்கூட வந்திருந்தார், துக்கத்துக்கு மரியாதையாக மணி அடிக்காமல் விற்றார். தலைவர் தம்முடைய துக்கத்தை முக்கால் மணி நேரம் பேசினார். குப்பத்து ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஓரமாகத் தம்பியின் மனைவி. யார் வற்புறுத்திக் கூட்டிவந்தார்களோ, கூட்டத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னாடை நேரம் வந்தது. கேப்டனை மேடைக்கு அழைக்க வேண்டியது என் வேலை. தலைவர் அவர் தோளில் ஜரிகைத் துண்டைப் போட்டு, போட்டோகிராபர் ஒன்று எடுத்தபின், ஃபிளாஷ் அடிக்கவில்லை என்று துண்டை எடுத்து மறுபடி போட்டார். கேப்டன் நான் நீட்டிய மைக்கில், "கப்பைக் காப்பாத்த முடியாததுக்கு எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். கூட்டம் கைதட்டியது. தலைவர் பெருந்தன்மையாகக் கையை ஆட்டி, பரவாயில்லை என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தலைவர் மேல் பாதி, என் மேல் பாதி. மைக் என் கையில்தான் இருந்தது.

"கப்பு தொலையல. கெடச்சிடுச்சு. நம்ம கொட்டகையிலதான் இருக்குது" என்றேன்.

 தலைவருடைய வாய், நான் கம்ப்யூட்டரில் செய்த மாதிரியே மூடிக்கொண்டது. இனி அடிதடிதான் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் எழுந்து நின்றார்கள். குப்பத்து ஆட்களும் எழுந்தார்கள். கோப்பைக்காகத்தான் சண்டை வரும் என்று அந்த நிமிஷம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கேப்டன் தலைவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

மேடைக்குக் கீழே வந்து நின்று என்னிடம்தான் கேட்டாள்.

"எங்கணா கெடச்சுது?"

"உப்பளத்துல. மேக்கால பாத்தியில."

"அந்த எடத்தைக் காட்டுங்க" என்றாள். "அவரும் கப்பும் ஒரே வீட்டுலதானே இருந்தாங்க."

அதற்கப்புறம் கூட்டம் நடக்கவில்லை. நன்றியுரை பாக்கி இருந்தது, அதுவும் நடக்கவில்லை. கோப்பையைக் கண்டெடுத்த தொழிலாளி முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். அப்புறம் ஆறு பேர். அப்புறம், யாரும் சொல்லாமலே, எங்கள் ஏழு பேர். காலில் தையல் போட்டவரும் நொண்டிக்கொண்டு வந்தார். கடைசியில் நானும் பி.டி. மாஸ்டரும். வழியில் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேற்கோரப் பாத்தி காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அடியில் மட்டும் சேறு. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கையால் தோண்ட ஆரம்பித்தாள். "அப்பிடி இல்லம்மா, நாங்க பாக்குறோம்" என்று எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். பாத்தி கட்டுவதற்கு முன் மிதிப்பார்களே, அதே மாதிரி வரிசையாகத் தோளோடு தோள் நின்று, ஒவ்வோர் அடியாக மிதித்துக்கொண்டே போனார்கள். அடியில் ஏதாவது இருந்தால் அந்தக் கால்களுக்குத் தெரிந்துவிடும். குப்பத்து ஆறு பேரும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நானும் செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன். எந்த நேரத்தில் போட்டி நடந்திருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்று சேறு மிதித்துக்கொண்டிருந்தோம். 

ஒரு பாத்தி முடிந்து, பக்கத்துப் பாத்தியில் நடுவாக்கில் எங்கள் ஆள் ஒருவர் நின்றார். குனிந்து எடுத்தார். எவர்சில்வர் தட்டு. சீர்வரிசையில் வந்தது. ஓரத்தில் அவள் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. அவள் அதை வாங்கிப் புடவையால் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னும் பாருங்க" என்றாள். வெளிச்சம் போகும் வரை மிதித்தோம். வேறொன்றும் கிடைக்கவில்லை.

கரையில் ஏறி உட்கார்ந்தபின் அவள் என்னிடம் கேட்டாள்.

"கப்பு கெடச்சப்ப இங்க தண்ணி இருந்துதாணா?"

"இருந்துச்சும்மா. இடுப்பளவு."

"எப்ப கெடச்சுது?"

"மூணாம் நாள்."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அந்தத் தண்ணி எங்க போச்சு?"

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மதகைத் தூக்கினவர்கள் அவர்கள்தான். பதில் சொல்ல வேண்டியவன் செயலாளர்.

"மதகைத் தொறந்து விட்டுட்டோம்" என்றேன். "கழிமுகத்துக்கு. கடலுக்கு."

"சரிணா" என்றாள்.  திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கோப்பையைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். கேப்டன் வாங்கவில்லை. மண்டபத்து வாசலில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் அது மறுபடி கொட்டகை வாசலில் இருந்தது.

அடுத்த வருஷப் பொங்கலுக்குப் போட்டி அமோகமாக நடந்தது. 'சுனாமி நினைவு மாபெரும் கபடிப் போட்டி' என்று தலைவர் பெயர் மாற்றினார். அதே போட்டோ. இந்தத் தடவை மூடின வாயைத் திறந்துவிடச் சொன்னார். பழைய ஃபைல் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. நான் ராஜினாமா எல்லாம் செய்யவில்லை. குப்பத்து அணி வரவில்லை. எங்கள் அணி ஜெயித்தது, விதிப்படி கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது. கைதட்டினவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அது முடிந்து ஒரு மாதம் இருக்கும். கேப்டனும் அவளும் என் கடைக்கு வந்தார்கள். இறப்புச் சான்றிதழுக்காகக் காணாமல் போனவர்களின் குடும்பம் கொடுக்க வேண்டிய மனு. ஒரு வருஷமாக அவள் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது போட்டுவிட்டாளாம். அதில் ஒட்ட அவனுடைய போட்டோ ஒன்று வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது. "கப்போட எடுத்தமே, அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதாணா?" என்று கேட்டாள்.

இருந்தது. திறந்தேன். கோப்பையை வெட்டினேன், அவளை வெட்டினேன், அவன் முகத்தை மட்டும் தனியாக எடுத்தேன். அவன் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்ல சிரிக்கிற போட்டோ வாங்க மாட்டாங்கம்மா. வாயை மூடி விடவா? எனக்குச் செய்யத் தெரியும்" என்றேன்.

"வேணாம். இருக்கட்டும்."

போட்டோவை ஒட்டிவிட்டு மனுவை நான்தான் நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது. காணாமல் போன இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்காமலே 'கடல்' என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

"கடல்னு போடாதீங்கணா" என்றாள். "உங்க உப்பளம்னு போடுங்க."

போட்டேன்.